ரீஹாமுக்கு ஆறு மாதம்

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆனபோது அவளைக் கைது செய்ய ஆள் வந்தார்.

டிசம்பர், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. நான் பூகோள ஆசிரியன், பிற்பகல் ஷிப்டு. அடுப்பில் முதல் நாள் மொச்சை சூடாகிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியவர் தீர்ப்பு அமலாக்கப் பிரிவின் ஏட்டு பக்ரி. நான்கு மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு.

“ரீஹாம் ஸப்ரி அப்தெல் மௌலா வீடு இதானே?”

“ஆமா.”

“கூப்பிடுங்க. மாத்துத் துணி எடுத்துக்கச் சொல்லுங்க. ஒரு போர்வையும். உள்ள குடுக்கற போர்வை ஒண்ணுத்துக்கும் ஆகாது. என் பொண்ணா நெனச்சுச் சொல்றேன்.”

“அவ இறந்துட்டா.”

பக்ரி உடனே தொப்பியைக் கழற்றினார். “மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும், உஸ்தாஸ்.”

“உங்களுக்கும்.”

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “சரி, எப்ப வருவாங்க?”

காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். விழுந்திருந்தது. அவருடைய சிக்கல் வேறு. கையிலிருந்த படிவத்தைக் காட்டினார். அதில் மூன்று கட்டங்கள்: கைது செய்யப்பட்டார், வீட்டில் இல்லை, தலைமறைவு.

“இறந்துட்டார்னு கட்டம் இல்ல பாத்தீங்களா? நானா ஒரு கட்டம் போட்டா அது அரசாங்கப் படிவத்தத் திருத்தின குத்தம். அதுக்கு ஒரு வருஷம். எனக்கு மாசம் இருபத்திரண்டு தீர்ப்பு நிறைவேத்தணும். இந்த மாசம் பத்தொம்பதுல நிக்குது. உங்க வீட்டம்மா மட்டும் இருந்திருந்தா இருபது.”

“மன்னிச்சுக்குங்க,” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“பரவால்ல, உங்களுக்கு எவ்வளவோ கஷ்டம்.” ‘வீட்டில் இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டார்.

தீர்ப்பின் நகலைக் கொடுத்தார். மின்சாரத் திருட்டு. ஆஜராகாத நிலையில் ஆறு மாதச் சிறை. மின் ஆய்வாளரின் அறிக்கை பின்னால் ஊசியால் குத்தப்பட்டிருந்தது.

“ஏப்ரல் ஒன்பதாம் தேதி மாலை ஏழரை மணிக்கு, குற்றவாளி தன் வீட்டு வாசலில், தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுத்து, நாற்பது டியூப் லைட்டுகளையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் இயக்கினார். விசாரித்தபோது மௌனம் சாதித்தார். வருத்தம் தெரிவிக்கவில்லை.”

ஏப்ரல் ஒன்பது. அன்று மதியத் தொழுகைக்குப் பின் ரீஹாமைப் புதைத்தோம். மாலையில் தெருவில் துக்கப் பந்தல். பந்தல்காரர் ஷலபி வழக்கம்போலக் கம்பத்தில் கொக்கி போட்டார். எங்கள் ஊரில் துக்கப் பந்தலுக்கு வேறு வழியில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. மின் ஆய்வாளரின் தாயார் இறந்தபோதும் அதே கம்பம், அதே ஷலபி. அன்று ஆய்வாளரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். குர்ஆன் ஓதுவதைக் கண்மூடிக் கேட்டார். சர்க்கரை போடாத காபி இரண்டு கோப்பை குடித்தார். பிறகு வெளியே போய், கம்பத்துக்கு மிக அருகில் இருந்த மீட்டர் யார் பெயரில் என்று பார்த்து எழுதிக்கொண்டார். மீட்டர் ரீஹாம் பெயரில் இருந்தது. இணைப்பு வாங்கிய நாளில் எனக்குப் பள்ளி. அவள்தான் போய் வரிசையில் நின்றாள்.

“விசாரிச்சப்ப மௌனம் சாதிச்சாங்கன்னு போட்டிருக்காரே,” என்றேன்.

“அது பொய்யில்லையே, உஸ்தாஸ்.”

படியிறங்கும்முன் பக்ரி வழி சொன்னார். “பத்து நாளுக்குள்ள கோர்ட்டுல எதிர்ப்பு மனு போடுங்க. போடலன்னா தீர்ப்பு உறுதியாயிடும். அப்பறம் அவங்க திருடி. அழிக்கவே முடியாது.”

ஆறு மாதத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதை அவளிடமிருந்து யாராலும் எடுக்க முடியாது. ‘திருடி’ என்ற அந்தச் சொல்தான். ரீஹாம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். அலுவலகப் பேனா தவறிப் பையில் வந்துவிட்டால் மறுநாள் முதல் வேலையாகத் திருப்பி வைப்பாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மொச்சை அடிப்பிடித்திருந்தது.

நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனுக்களுக்கு ஒரே ஜன்னல். உள்ளே வக்தி என்ற தலைமை எழுத்தர். இருபத்தேழு வருடமாக அதே நாற்காலி. எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். வரிசை வேகமாக நகர்ந்தது. வக்தி எந்தக் கோப்பையும் திறக்கவில்லை.

“என்ன கேசு?”

“அடிதடி, உஸ்தாஸ். பக்கத்து வீட்டோட.”

“ஒரு மாசம். கல்லா, செருப்பா?”

“செருப்பு.”

“அப்ப பதினஞ்சு நாள். ஒத்தைச் செருப்பா, ஜோடியா?”

“ஒண்ணுதான். இன்னொண்ணு கால்ல இருந்துச்சு.”

“பத்து நாள். அடுத்து?”

“அரசு ஊழியரத் திட்டிட்டேன்.”

“மூணு மாசம். அவர மட்டுமா, அவங்க அம்மாவயும் சேத்தா?”

“அம்மாவயும்.”

“ஆறு. அம்மா உயிரோட இருக்காங்களா? இருந்தாங்கன்னா மன்னிப்புக் கேளுங்க, நாலுக்கு வரும். அடுத்து?”

அடுத்து நான். “மின்சாரம்,” என்றேன்.

“ஆறு மாசம்.”

“தெரியும். தீர்ப்பு வந்துடுச்சு.”

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா! நீதிபதிங்க வருவாங்க, போவாங்க. இந்தக் கணக்கு மாறாது. புதுசா ஒருத்தர் மாற்றலாகி வந்தா முதல் நாள் எங்கிட்டதான் ஆளனுப்பிக் கேப்பார். போன வருஷம் ஒருத்தர் வந்தார், சின்ன வயசு. எல்லாக் கோப்பையும் படிக்கப்போறேன்னார். ரெண்டு வாரம் படிச்சார். இப்ப நல்லாருக்கார்.”

“ஆறு மாசம்தான் எப்பவுமா?”

“ஆஜரானா ஒரு மாசம், இல்ல வெறும் அபராதம். ஆஜராகலன்னா முழுசு. அதுதான் நியாயம். ஆள் எதிர்ல நின்னா பாவமா இருக்கும், குறைக்கத் தோணும். ஆளே இல்லாதப்ப யார் மூஞ்சியப் பாத்துக் குறைக்கறது?”

இறப்புச் சான்றிதழை நீட்டினேன். இருபுறமும் பார்த்தார்.

“மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும். சின்னப் பொண்ணு. என்ன உடம்புக்கு?”

சொன்னேன். தலையை ஆட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

“ஆனா இது சுகாதார அலுவலகத்தோட காகிதம். அவங்க பதிவேட்டுல இவங்க இறந்தவங்க. எங்க பதிவேட்டுல தண்டிக்கப்பட்டவங்க. எதிர்ப்பு மனுவ தண்டிக்கப்பட்டவங்கதான் போடணும். நேர்ல.”

“இறந்தவ எப்படி நேர்ல வருவா?”

“அதான் இறந்தவங்க மனு போட முடியாதுன்னு விதி இருக்கு. தெளிவா இருக்கு.”

“அப்ப யார் போடறது?”

“நல்ல கேள்வி.” தேநீர் உறிஞ்சினார். எனக்குப் பின்னால் நின்ற கிழவர் முழங்கையால் இடித்தார்.

“பவர் பத்திரம் இருந்தா நீட்டுப்பா. எல்லாரும் அததான் பண்றாங்க. எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு.”

பவர் இருந்தது. மருத்துவமனையில் இருந்தபோது ரீஹாம் எனக்குப் பொதுப் பவர் எழுதிக்கொடுத்திருந்தாள். பையிலேயே வைத்திருந்தேன். வக்தி அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதை முதல்லயே குடுத்திருக்கலாமே! போட்டுடலாம். ஆனா அந்தச் சான்றிதழ உள்ள வைங்க. நான் அதப் பாக்கல.”

“இப்பதானே பாத்தீங்க.”

“நான் பாத்தேன். ஜன்னல் பாக்கல.”

பையில் வைத்தேன். முத்திரை விழுந்தது. விசாரணை ஜனவரி பதினான்கு.

பதினான்காம் தேதி காலை கூடத்தில் நிற்க இடமில்லை. நீதிபதியின் மேஜையில் இரண்டு அடுக்குக் கோப்புகள், ஒவ்வொன்றும் அவர் தலை உயரத்துக்கு. மதியத் தொழுகைக்குள் இரண்டும் முடிய வேண்டும். டவாலி பெயரைக் கூப்பிடுவார். ஆள் கையைத் தூக்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். ஒருவர் கூப்பிட்டதும் எழுந்து, சட்டையைச் சரிசெய்து, வாயைத் திறந்தார். அவருக்குப் பின் இரண்டு பேருடைய வழக்கு முடிந்துவிட்டிருந்தது.

“ரீஹாம் ஸப்ரி அப்தெல் மௌலா!”

அந்தப் பெயரை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று தடவை கூப்பிடுவது முறை. மூன்று தடவையும் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

“நான் அவ புருஷன்,” என்றேன்.

“அவங்க எங்க?” என்றார் நீதிபதி. எழுதிக்கொண்டே.

“வர முடியாத நெலையில இருக்கா.”

“டாக்டர் சான்றிதழ்?”

வேறு காகிதம் என்னிடம் இல்லை. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். நீதிபதி முதன்முறையாகப் பேனாவை வைத்தார். அவருக்கு மேடைப் பேச்சு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இந்த நீதிமன்றம் கல் நெஞ்சு கொண்டதில்ல. இறப்ப நாங்க மதிக்கிறோம். இங்க உக்காந்திருக்கற எல்லாருக்கும், எனக்கும் சேத்து, அது வரும். ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்கு. இறக்கப்போறவங்க, வழக்கு இருந்தா முன்கூட்டியே தெரிவிக்கணும். வழக்கு வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டா, வழக்கு வந்தப்பறம் தெரிவிக்கணும். இவங்க ரெண்டும் செய்யல. சட்டத்தப் பாத்துப் பயந்து ஆளுக்கு ஆள் இறக்க ஆரம்பிச்சா இந்தக் கோப்புகள்லாம் என்ன ஆகறது?”

பின்வரிசையில் யாரோ கைதட்டினார். டவாலி அதட்டினார்.

நீதிபதி பவர் பத்திரத்தைப் புரட்டினார். தேதிகளைப் பார்த்தார். “இறந்தவங்க பவர வச்சு மனுப் போட்டது நீங்களா?”

“ஆமா.”

“ஒத்துக்கறார், எழுதிக்குங்க. மனுதாரர் ஆஜராகாததால் எதிர்ப்பு மனு ஒருபோதும் இருந்ததில்லை எனக் கருதப்படுகிறது. புருஷன அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்புங்க. அடுத்து.”

என்னை அங்கே கூட்டிப்போக வந்தவர் பக்ரி. ஒரு கையில் விலங்கின் ஒரு வளையம், மறு வளையம் என் கையில். தாழ்வாரத்தில் நடக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

“பவர ஏன் காட்டினீங்க?”

“அவர்தான் கேட்டார்.”

“கேப்பாங்க உஸ்தாஸ். கேக்கறதுக்கெல்லாம் குடுத்தா எப்படி? படிச்சவங்களோட இதே தொல்லை.”

துணை அரசு வழக்கறிஞர் ஷெஹாப் பே என் வயதுக்காரர். ஒரே வருடத்தில் கல்லூரி முடித்திருப்போம். விலங்கை அவிழ்க்கச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். மிச்ச ஆயுசு எனக்குச் சேரட்டும் என்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

“எனக்கு உங்க மேல எந்தக் கோபமும் இல்ல, உஸ்தாஸ் ஹாஸிம். நாம இத அமைதியாப் பேசுவோம். உங்க மனைவி உயிரோட இருக்காங்கன்னு வச்சுக்குவோம். அப்ப பவர் செல்லும். ஆனா தண்டிக்கப்பட்ட ஒருத்தர நீங்க மறைச்சு வச்சிருக்கீங்க.”

“நான் மறைக்கல.”

“கவலப்படாதீங்க. பொண்டாட்டியப் புருஷன் மறைச்சா சட்டம் தொடாது. குடும்பப் பாசத்த மதிக்கற சட்டம் நம்மது. எனக்கே அந்தப் பிரிவப் படிக்கும்போது கண் கலங்கும்.”

“அவ உயிரோட இல்ல.”

“அப்ப உங்க கல்யாணம் முடிஞ்சுபோச்சு. சலுகையும் போச்சு. மறைச்சதுக்கு ரெண்டு வருஷம், செத்தவங்க பவருக்கு மூணு. அஞ்சு.”

“செத்தவள எப்படி மறைக்கறது?”

“அத நீங்கதான் சொல்லணும். புதைச்சது நீங்கதானே?”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். “அவ இறந்துட்டான்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்ப அவ மேல இருக்கற வழக்கும் முடியணுமே?”

அவர் பொறுமையாகப் புன்னகைத்தார். “ஒத்துக்கறேன். நானும் மனுஷன்தான். உங்க கல்யாணம் முடியறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு இறந்துட்டாங்க. வழக்கு முடியற அளவுக்கு இன்னும் இறக்கல. அதுக்குத் தனி உத்தரவு. அந்த உத்தரவுக்கு எதிர்ப்பு மனு நிலுவையில இருக்கணும். உங்க மனு ஒருபோதும் இருந்ததில்ல.”

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “உங்களுக்கு உதவணும்னு நினைக்கறேன். ரெண்டே வரி எழுதுங்க. ‘என் மனைவி உயிரோடு இருக்கிறார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது.’ இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்.”

பேனாவை எடுத்தேன். முதல் வரியை எழுதினேன். அது எளிதாக வந்தது. இரண்டாவது வரி வரவில்லை.

“என்ன?”

“எங்க இருக்கான்னு தெரியும்.”

“எங்க?”

“ஊர்க் கல்லறையில. எங்க குடும்பச் சமாதி அறையில.”

ஷெஹாப் பே நெற்றியைத் தேய்த்தார். இந்த மாதிரி ஆளிடம் என்ன செய்வது என்ற முகம். மணியடித்து, “வக்தியக் கூப்பிடு,” என்றார்.

வக்தி செருப்பு தேய வந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னை இன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல வணக்கம் சொன்னார்.

“ஏப்ரல் ஒன்பதுலேர்ந்து அங்கதானா?”

“ஆமா.”

“நடுவுல வெளிய வந்தாங்களா?”

“இல்ல.”

“ஒரு நாள்கூட?”

“இல்ல.”

“அறைக்குக் கதவு?”

“இரும்புக் கதவு.”

“பூட்டு?”

“இருக்கு. சாவி காவலாளிகிட்ட.”

“காவலாளி வேற இருக்காரு!” வக்தி ஷெஹாப் பேயின் பக்கம் திரும்பினார். இருபத்தேழு வருட அனுபவம் அவர் குரலில் நிமிர்ந்து நின்றது. “பாஷா, நாலு சுவர். இரும்புக் கதவு. பூட்டு, காவலாளி. பார்வையாளருக்கு வெள்ளிக்கிழமை காலைல மட்டும் அனுமதி. சட்டத்துல இதுக்கு என்ன பேரு? குத்தம் நடந்த அன்னிக்கே உள்ள போயிட்டாங்க. ஆறு மணி நேரம் முன்கூட்டியேன்னுகூடச் சொல்லலாம். விதிச்சது ஆறு மாசம். இருந்தது ஒம்பது மாசம், அஞ்சு நாள். தண்டனை முழுசா முடிஞ்சுது. இவரும் யாரையும் மறைக்கல. காவல்ல இருந்தவங்கள எப்படி மறைக்க முடியும்?”

ஷெஹாப் பே எழுந்து வக்தியின் நெற்றியில் முத்தமிட்டார். கதவோரம் நின்ற பக்ரி “அல்லாஹ்!” என்றார், நல்ல பாட்டைக் கேட்டவர்போல.

காகிதங்கள் அரை மணி நேரத்தில் தயாராகின. அந்தக் கட்டடத்தில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. முதல் தாள், கூடுதலாக இருந்த மூன்று மாதத்துக்கு இழப்பீடு கேட்க மாட்டேன் என்பது. கையெழுத்துப் போட்டேன்.

“திருட்டுன்னு இருக்கறது?” என்றேன்.

“எது?” என்றார் ஷெஹாப் பே.

“அவ பேர்ல. அத எடுக்கத்தான் வந்தேன்.”

வக்திதான் பதில் சொன்னார், மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல. “அது இனிமே போகாது, உஸ்தாஸ். தண்டனைய ஒரு நாள்கூடக் குறைக்கச் சொல்லாம அனுபவிச்சிருக்காங்க. செய்யாதவங்க அப்படி இருப்பாங்களா?”

“அவ எடுக்கல.”

“நாங்களும் அப்படித்தான் நினைக்கறோம்,” என்றார் ஷெஹாப் பே. “கையெழுத்துப் போட இஷ்டமில்லன்னா கட்டாயம் இல்ல. அஞ்சு வருஷம் இருக்கவே இருக்கு.”

இரண்டாவது தாள் விடுதலைச் சீட்டு. வாசித்தேன். “கைதி ரீஹாம் ஸப்ரி அப்தெல் மௌலா தண்டனைக் காலம் முடிந்து இன்று விடுவிக்கப்பட்டு, கணவரிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டார்.” அதற்குக் கீழே, “பெற்றுக்கொண்டேன்” என்று அச்சிட்ட சொல். கோடு. அதற்கும் கீழே: “ஒப்படைக்கும்போது உடல்நிலை.”

ஒப்படைக்கப்பட்டார் என்ற வார்த்தையை இன்னொரு தடவை வாசித்தேன்.

“உடல்நிலைக்கு என்ன போடறது?”

“நல்லபடின்னு போடுங்க,” என்றார் பக்ரி. “வேற எது போட்டாலும் விசாரணை வரும்.”

நல்லபடி என்று எழுதினேன். கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன். வக்தி ஊதி உலர்த்தினார். எல்லோரும் என் கையைக் குலுக்கி, நிம்மதி கிடைக்கட்டும் என்றார்கள். ஷெஹாப் பே அறைவாசல் வரை வந்தார். வெளிவாசலில் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள்.

வெளிவாசலில் நின்ற காவலன் புதியவன். எங்கோ தென்பகுதி ஊர்க்காரன், பேச்சில் தெரிந்தது. சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“ரெண்டு பேர்,” என்றான்.

“ஆமா.”

கனமான கதவு. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தான். நான் வெளியே வந்தேன். படிகளில் வெயில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் கதவை மூடவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, பெண்கள் போகும்போது செய்வதுபோலப் பார்வையைத் தரையில் தாழ்த்தி, வழி விட்டுக் காத்திருந்தான்.